நீலப் பிஸ்டலுக்குக் கறுப்பு அடித்தார்கள்

1

அன்றைக்கு லண்டனில் அந்த அடுக்குமாடிக் கார் தரிப்பிடத்தின் மொட்டை மாடியில் நின்றவர்கள் ஏழு பேர். நான். என் தங்கை வசந்தி. அவளுடைய கணவர் ரவி. அவர்களின் மகள் அபி, வயது பதின்மூன்று. டூட்டிங்கிலிருந்து வந்த மேக்கப் பெண். வீடியோக்காரன் ஜெகன். ஏழாவது ஆள் தயா. ‘மிச்சம்’ என்ற லண்டன் பகுதியில் இருக்கும் என் கடையில் என்னோடு வேலை செய்கிறவன்.

ஆட்களை இப்படி எண்ணி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பிறகு பொலிஸ் கேட்டபோது இவர்களில் பாதிப் பேருக்கு அன்றைய நாளே மறந்துபோய்விட்டது. எனக்கு மறக்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்ததெல்லாம் மறந்துவிட்டேன், பயந்த எதையும் மறந்ததில்லை.

அபிக்குச் சாமத்தியவீடு. பிள்ளை பெரியவளானது மார்கழியில், மண்டபம் கிடைத்தது ஆவணியில். ஊரில் உள்ளவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பீர்கள். இங்கே மண்டபக்காரனின் நாட்காட்டிதான் பஞ்சாங்கம். மண்டபத்துக்குள் பிள்ளை நடந்து வருவதற்கு முன்னால் பெரிய திரையில் ஒரு வீடியோ ஓடவேண்டும். அதற்குப் பெயர் ‘என்ட்ரி’. ஒரு வீட்டில் பிள்ளை குதிரையில் வந்தாள் என்றால் அடுத்த வீட்டில் பல்லக்கு. அதற்கடுத்த வீட்டில் புகைக்குள்ளிருந்து. ரவிக்கு இவை எதுவும் போதவில்லை. வாடகைக்கு எடுத்த கறுப்புக் காரிலிருந்து அபி இறங்கவேண்டும். இரண்டு பக்கமும் கறுப்புக் கோட்டுப் போட்ட மெய்க்காப்பாளர்கள் நிற்கவேண்டும். அவர்களின் கையில் பிஸ்டல் இருக்கவேண்டும்.

“உங்கட கடைப் பொடியனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ மச்சான்,” என்று ரவி போனில் சொன்னார். “ஆள் நல்ல உயரம், தாடியும் இருக்கு. எங்கட ஆக்களில ஒருத்தனுக்கும் அந்தக் கட்டு இல்லை.”

“துவக்கு வேண்டாம் ரவி. மற்றதெல்லாம் செய்யுங்கோ.”

“ஐயோ மச்சான், விளையாட்டுச் சாமான். சீனாவில செய்த பிளாஸ்டிக்கு. நீங்கள் ஏன் எல்லாத்துக்கும் நடுங்கிறியள்?”

நான் நடுங்குகிறவன்தான். கடையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவன். ஆனால் தயாவின் விசயத்தில் நடுங்குவதற்கு நியாயம் இருந்தது. அகதியாக ஏற்றுக்கொண்டு கொடுத்த ஐந்து வருட விசா முடிந்து, நிரந்தர விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தான் அவன். ஊருக்குத் திரும்ப முடியாததால் போன வருடம் திருச்சியில் வைத்து ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் முடித்தவன். மனைவி கௌசி அங்கே ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். நிரந்தர விசா வந்தால்தான் அவளைக் கூப்பிடுவதற்கான அலுவலைத் தொடங்கலாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவன் றோட்டில் துப்பினால்கூட எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அவனோ சிரித்துக்கொண்டு வந்தான். “அண்ணை, ஒரு நாளைக்காவது கோட்டுப் போட்டுப் பாப்பம்,” என்றான்.

2

சீனச் சாமான் என்றால் எனக்குத் தெரியும். என் கடையின் இடது பக்கத் தட்டு முழுவதும் அதுதான். குடை, டோர்ச், பற்றரி, தகரம் வெட்டி, போன் சார்ஜர். அதைக் குறைசொல்லி எழுதுகிற பணக்காரத்தனம் எனக்கு இல்லை. அந்தத் தட்டுத்தான் என் வீட்டு வாடகையில் பாதியைக் கட்டியது. ஆனால் அதன் குணம் எனக்குத் தெரியும். குடை மழைக்கு ஆகாது. தகரம் வெட்டி மூன்றாவது மீன் தகரத்தில் பல்லை இழக்கும். “எலி, ஒரு கிழமை கூடப் பாவிக்கேல்லை,” என்று கிழவிகள் திருப்பிக் கொண்டுவருவார்கள். எலி என்பது நான்தான். என் பெயர் எழில்; அவர்களின் வாய்க்கு ழகரம் வராது. நான் பேசாமல் காசைத் திருப்பிக் கொடுப்பேன்.

அதனால் ஜெகன் தன் வானின் பின்கதவைத் திறந்து ஒரு துவாயை விரித்துக் காட்டியபோது, ஏதோ ஒரு தண்ணித் துவக்கைத்தான் எதிர்பார்த்தேன்.

கிடந்தது அதுவல்ல.

இரண்டு பிஸ்டல்கள் கிடந்தன. ஒன்று, படங்களில் எல்லாப் பொலிஸ்காரர்களும் இடுப்பில் வைத்திருப்பார்களே, அந்தச் சதுர மூக்குக்காரன். மற்றது பழைய அமெரிக்கப் பட்டாளத்துக்காரர் வைத்திருப்பது. கறுப்பு. மினுக்கமில்லாத, எண்ணெய் துடைத்த மாதிரியான கறுப்பு.

எனக்கு உண்மையான பிஸ்டலைத் தெரியும் என்று பெரிதாகச் சொல்லமாட்டேன். ஒரே ஒரு தரம், பதினாலு வயதில், சைக்கிள் திருத்துகிற கடையில் எடுபிடியாக நின்ற காலத்தில், சேட்டு நுனியைக் காற்சட்டைக்கு வெளியே விட்ட ஒருவர் வந்து தன் சைக்கிளைச் சரித்தார். குனியும்போது சேட்டு ஒதுங்கியது. இடுப்பிலிருந்த பிஸ்டலின் பிடியில் மூன்று விரல் அகலம்தான் கண்டேன். காற்று அடித்துக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் போன பிறகும் பம்பைக் கீழே வைக்க முடியாமல் கை அதைப் பிடித்துக்கொண்டே நின்றது. அந்த மூன்று விரல் அகலத்தை என் வயிறு இத்தனை வருடமாகப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது. லண்டனில் ஒரு வானின் பின்பக்கத்தில், சீனத்துப் போலியைப் பார்த்து, அதுதான் இது என்று சொல்லிவிட்டது.

“தூக்கிப் பாருங்கோ அண்ணை,” என்றான் ஜெகன். “பாரம் எப்பிடி?”

பாரமாகத்தான் இருந்தது. மேல்பாகத்தை இழுத்தால் கிளிக்கென்று பின்னுக்குப் போய் வந்தது. கம்பனியின் முத்திரை, எழுத்து, தொடரிலக்கம் எல்லாம் வெட்டியிருந்தார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே இலக்கம். வேறு வேறு கம்பனியின் பிஸ்டல்கள், இலக்கம் மட்டும் ஒன்று. அந்த ஒரு இடத்தில்தான் சீனாக்காரன் சோம்பல்பட்டிருந்தான்.

“இது நீலத்தில வந்தது அண்ணை. பாதி நீலமா இருக்கவேணுமாம், இஞ்சத்தைச் சட்டம். வீடியோவில நீலம் வந்தா சின்னப்பிள்ளையள் விளையாடுற மாதிரி இருக்கும். நான்தான் ஸ்பிறே வேண்டிக் கறுப்பு அடிச்சனான். எப்பிடி ஃபினிஷிங்?”

“சட்டம் நீலத்தில இருக்கச் சொன்னா நீர் ஏன் கறுப்பு அடிச்சனீர்?”

“அண்ணை, அரை மணித்தியால அலுவல். ஆர் பாக்கப்போறான்?”

பட்டாளத்துக்காரனின் பிஸ்டலை இரண்டாம் தரம் இழுத்தபோது அதன் மேல்பாகம் கழன்று என் கையில் வந்தது. ஒரு ஸ்பிரிங் துள்ளிப் போய்க் காரின் கீழே விழுந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் உண்மையில் கோபம் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பல்லுத் தேய்ந்த ஒரு பிளாஸ்டிக் சில்லு, பேனைக்குள் இருக்கிற மாதிரி ஒரு ஸ்பிரிங், ஒரு பித்தளைக் குழாய். பிடிக்குள் ஒரு இரும்புத் துண்டு திருகப்பட்டிருந்தது. எதற்கும் உதவாத துண்டு. கையில் எடுக்கிறவனுக்குப் பாரம் தெரியவேண்டும் என்பதற்காக மட்டும் வைத்தது.

மற்றதால் ஜெகன் சுட்டுக் காட்டினான். விசையை இழுக்க இரண்டு விரல் தேவைப்பட்டது. மஞ்சள் பிளாஸ்டிக் குண்டு ஒன்று வெளியே வந்து, அவன் சப்பாத்துக்குக் கொஞ்சம் அப்பால் விழுந்து உருண்டது. அபி விழுந்து விழுந்து சிரித்தாள். “ஓ மை கோட், இட்ஸ் சோ பாட்!”

“சிரியாதையும் பிள்ளை, ஸ்பிரிங் லேசானது,” என்று சொல்லிவிட்டு, ஜெகன் அந்தச் சதுர மூக்குக்காரனைத் தயாவின் கையில் கொடுத்தான். “அண்ணை, கவனம். இது ஒண்டுதான் இப்ப மிச்சம். கீழ போட்டா உடைஞ்சிடும். உடைச்சா நீங்கள்தான் வேண்டித்தரவேணும்.”

இந்த வசனத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதன் சாகப் பார்த்தது இதனால்தான்.

3

எதிரில் அடுக்குமாடி. அங்கே யாரோ யன்னலால் பார்த்துப் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. ஞாயிறு காலையில் எழும்பித் திரைச்சீலையை விலக்கினால், கறுப்புக் கோட்டோடு தாடிக்காரன் ஒருவன் பிஸ்டலும் கையுமாக நடக்கிறான்; பக்கத்தில் பட்டுச்சேலை கட்டிய சிறு பிள்ளை. நானாக இருந்தாலும் கட்டிலுக்குக் கீழே போயிருப்பேன்.

மற்றப் பிஸ்டல் உடைந்ததால் தயா ஒருவன்தான் மெய்க்காப்பாளன்; ஜெகன் ஐந்தாறு தரம் எடுத்துவிட்டான். “இன்னொருக்கா, மாஸா, சிலோ மோஷன்!” என்று கத்திக்கொண்டிருந்தான். அப்போது சரிவுப் பாதையால் இரண்டு கார்கள் ஏறி வந்தன. இந்த நாட்டில் சாதாரணப் பொலிஸ்காரன் துவக்கு வைத்திருப்பதில்லை. இவர்கள் வைத்திருந்தார்கள். நீளமானவை. நீலமோ மஞ்சளோ எதுவும் இல்லாதவை.

கீழே போடு என்று கத்தினார்கள். போடு, போடு, போடு.

தயா போடவில்லை.

அவன் மெல்லக் குனிந்தான். குழந்தையைத் தொட்டிலில் கிடத்துகிற மாதிரி, அந்தப் பிஸ்டலை நிலத்தில் பக்குவமாக வைக்கப் போனான். உடைந்துவிடுமாம். உடைந்தால் அவன்தான் வாங்கிக் கொடுக்கவேண்டுமாம். குனிகிறவனின் கையில் பிஸ்டலின் மூக்கு ஒரு கணம் அந்தப் பக்கம் திரும்பியது. பொலிஸ்காரனின் விரல் எங்கே இருந்தது என்று நான் பார்த்தேன். இப்போதும் பால் பெட்டி இறக்கும்போது, மிச்சக் காசு எண்ணும்போது, அந்த விரல் எனக்கு முன்னால் வருகிறது.

நான் கத்தினேன். என் ஆங்கிலம் பதற்றத்தில் முதலில் என்னை விட்டு ஓடுவது. “சேர், டூப்ளிகேட்! டூப்ளிகேட்!” என்று கத்தினேன். நம்மூரில் போலிக்கு அதுதானே சொல். அவர்களோ இன்னொன்றும் இருக்கிறது என்று விளங்கிக்கொண்டு என் பக்கமும் ஒரு துவக்கைத் திருப்பினார்கள்.

தயா பிஸ்டலை வைத்தான். பிறகு யாரும் சொல்வதற்கு முன்பே முழங்காலில் இருந்து, விரல்களைக் கோத்துப் பிடரியில் வைத்தான். அவ்வளவு சுத்தமாக அதைச் செய்ததைப் பார்த்த பொலிஸ்காரனுக்குச் சந்தேகம் கூடியிருக்கும். எனக்குத் தெரியும் அவன் அதை எங்கே பழகினான் என்று. ஊரில், ஆமியின் தடுப்பு முகாமில் அவனுக்கு அதை அடித்துப் பழக்கியிருந்தார்கள்.

அவனைக் குப்புறப் படுக்கவைத்து விலங்கு போட்டார்கள். அபி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். முகத்தில் போட்ட மேக்கப் எல்லாம் கோடு கோடாக வழிந்தது.

பிறகு ஒவ்வொருவராக விசாரித்தார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்: வீடியோ எடுத்தோம், சாமான் வீடியோக்காரனுடையது. ஜெகன் சொன்னான்: “நான் படம் எடுக்க வந்தனான், இன்னும் தொடங்கேல்லை. துவக்கு ஆர் கொண்டு வந்ததெண்டு தெரியாது.” கமெராவைத் திறந்து காட்டினான், உள்ளே படம் பதிகிற கார்ட் இல்லை. கார்ட் அவனுடைய காலுறைக்குள் இருந்தது என்று பிறகு தெரிந்தது. ரவியைக் கேட்டார்கள். ரவி, என் தங்கையைக் கட்டிய மனிதன், கழுத்துப் பட்டியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: “ஐ ஆம் நொட் ஷுவர்.”

படம் எடுக்கத் தொடங்கவில்லை என்றால், தயா ஏன் பொது இடத்தில் பிஸ்டலோடு நின்றான்? அந்தக் கேள்வியோடு அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

4

அன்றிரவே விட்டுவிட்டார்கள். ஆனால் விசாரணை முடியவில்லை. இந்த நாட்டில் அதற்கென்று ஒரு நிலை இருக்கிறது. சிறையும் இல்லை, விடுதலையும் இல்லை, கடிதம் வரும் என்று மட்டும் சொல்வார்கள். விசாப் பகுதிக்கும் தெரியப்படுத்தவேண்டி வந்தது. அங்கிருந்தும் கடிதம்: இது முடியும்வரை அது முடியாது.

பொலிஸ் நிலையத்தில் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்தாராம், இந்தியத் தமிழர். தயா “துவக்கைப் பிடிச்சனான்” என்று சொல்ல, “எதைத் துவக்குனீங்க?” என்று கேட்டிருக்கிறார். தயா அதைச் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வழக்கறிஞர் திலகா மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். அவர் விளக்கினார்: “அண்ணே, ரெண்டு பிஸ்டலையும் லேபுக்கு அனுப்பியிருக்காங்க. குண்டு என்ன வேகத்துல போகுதுன்னு அளந்து பார்ப்பாங்க. ஒரு அளவுக்கு மேல இருந்தா அது நிஜத் துப்பாக்கி கணக்கு. அப்ப கேஸ் ரொம்பப் பெரிசு. கீழ இருந்தா போலி. போலியும் குத்தம்தான், ஆனா சின்னது.”

ஆக, தயாவின் வாழ்க்கை, திருச்சியில் இருக்கிற அந்தப் பெண்ணின் வாழ்க்கை, எல்லாம் இப்போது ஒரு சீனத் தொழிற்சாலைக்காரன் ஸ்பிரிங்கில் எவ்வளவு மிச்சம் பிடித்தான் என்பதில் தொங்கியது. நான் கோயிலுக்குப் போய், சாமான் படு மோசமாக இருக்கவேண்டும் என்று நேர்த்தி வைத்தேன். கடை தொடங்கிய நாள் முதல் சீனச் சாமான் உடையக்கூடாது என்று கும்பிட்டவன் நான்.

மாதக் கணக்கில் காத்திருந்தோம். தயா வேலைக்கு வந்தான், தட்டுகளை நிரப்பினான், ஒரு வார்த்தை கூடுதலாகக் கதைக்கவில்லை. கௌசியிடம் எதுவும் சொல்லவில்லை. “விசாக்காரங்கள் சுணக்கிறாங்கள்” என்று மட்டும் சொல்லிவைத்தான்.

பிறகு அறிக்கை வந்தது. திலகா வாசித்துச் சொன்னார். ஒன்று இயங்கவே இயங்காது. மற்றதிலிருந்து குண்டு வெளியே வருகிறது, ஆனால் அந்த அளவை எட்டுவதற்குப் பக்கத்திலும் இல்லை. உட்பாகங்கள் தரம் குறைந்த பிளாஸ்டிக். இது துப்பாக்கி அல்ல.

“கடவுளே,” என்றேன் நான்.

“இன்னும் இருக்கு அண்ணே. வெளித்தோற்றம் அசலிலிருந்து பிரிச்சுப் பார்க்க முடியாத அளவுக்கு இருக்குன்னு எழுதியிருக்காங்க. அளவு, எடை, எழுத்து எல்லாமே.”

அன்று கடையில் நின்றபடி இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். குடையில் துணியை மிச்சம் பிடித்தவன், சார்ஜரில் செம்பை மிச்சம் பிடித்தவன், இதில் எங்கே மிச்சம் பிடித்தான்? விளையாடுகிற பிள்ளைக்குத் தேவையான இடத்தில் மிச்சம் பிடித்தான். குண்டு போகாது, சில்லு தேயும், ஸ்பிரிங் துள்ளும். ஆனால் ஆளைக் கொல்லக்கூடிய ஒரே இடத்தில், பார்க்கிறவனின் கண்ணில், ஒரு சதம் மிச்சம் பிடிக்கவில்லை. அங்கே மட்டும் தரம். அதுவும் போதாதென்று, சட்டம் பூசச் சொன்ன நீலத்தை நம்முடைய ஆள் ஒருவன் அழித்தான். அடைமழைக்கு ஒரு குடையை இந்த அக்கறையோடு செய்திருந்தால் நான் என் வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பேன்.

5

பொலிஸ் ஒரு வழி சொன்னது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். கோர்ட் இல்லை.

“சைன் பண்ணா இன்னிக்கே முடிஞ்சிரும்,” என்றார் திலகா. “ஆனா அது பதிவுல நிக்கும். விசாக்காரங்க அதைப் பார்ப்பாங்க. மறுக்கலாம், தள்ளிப் போடலாம். சைன் பண்ணலன்னா கோர்ட்டுக்குப் போகும். அங்க படப்பிடிப்புதான்னு காட்டிட்டா தப்பிச்சிரலாம். ஆனா உங்க சொல் மட்டும் போதாது, வீடியோக்காரர் எடுக்கவே இல்லைன்னு சொல்றாரே?”

நான் தயாவைப் பார்த்தேன். கையெழுத்தை வை, ஆறுதலாகப் பார்ப்போம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடும்.

“வைக்கமாட்டன் அண்ணை,” என்றான். “செய்யாததைச் செய்தனான் எண்டு அங்க அடிச்சுக் கேட்டவங்கள். அப்பவும் வைக்கேல்லை. இஞ்ச தேத்தண்ணி தந்து கேக்கிறாங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.”

நான் ரவிக்குப் போன் எடுத்தேன். அந்த வீடியோ வேண்டும் என்றேன்.

“மச்சான், ஜெகன் அண்டைக்கே எல்லாத்தையும் அழிச்சிட்டானாம். பயந்திட்டான், பாவம்.”

“நீங்கள் வந்து சொல்லலாம்தானே, படம்தான் எடுத்தது எண்டு?”

“எனக்கு வேலையில செக்கிங் இருக்கு. பேர் வந்தா சிக்கல். வசந்திக்கும் பிறஷர். சாமத்தியவீடு முடியட்டும், பேந்து ஆறுதலாக் கதைப்பம்.”

அபியைச் சொல்லச் சொல்லலாமா என்று கேட்டேன். அதற்கு என் தங்கையே போனைப் பறித்துக் கதைத்தாள். “அண்ணா, உனக்கு விசரே? சாமத்தியப்பட்ட பிள்ளையைக் கோர்ட்டுக்கு ஏத்தப் போறியே? நாளைக்கு ஆர் கட்டுவான்?”

பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவளுக்கு நாளைக்கு மாப்பிள்ளை. இங்கே ஒருவனுக்குக் கட்டிய மனைவியே கிடைக்காமல் இருக்கிறாள்.

6

ஆவணியில் சாமத்தியவீடு நடந்தது. தாய்மாமன் போகாமல் இருக்க முடியாது. காலையில் குட்மேய்ஸில் தங்கையின் வீட்டில் அபியின் தலையில் பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்த்தேன். பின்னேரம் மண்டபம். தயா கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். “நீங்கள் போங்கோ அண்ணை, பிள்ளைக்கு மாமா வேணும்.”

மேடைக்குப் பக்கத்தில் என்னை இருத்தினார்கள். விளக்கை அணைத்தார்கள். திரை ஒளிர்ந்தது.

கறுப்புக் கார். கதவு திறக்கிறது. அபியின் கால் கொலுசோடு இறங்குகிறது. மேளமும் கிற்றாரும் சேர்ந்து அதிர்கின்றன. பக்கத்தில் மெதுவாக, காற்றில் கோட்டுப் பறக்க, தயா நடந்து வருகிறான். கையில் அந்தப் பிஸ்டல். நெருக்கத்தில் பிஸ்டல் மட்டும்: எழுத்து, முத்திரை, தொடரிலக்கம். பிறகு தயாவின் முகம் நிலையாக நிற்கிறது. தங்க எழுத்தில் வருகிறது: ‘மாமாவின் படை’.

மண்டபம் விசில் அடித்தது. எனக்குப் பின்னால் ஒருவர், “ஆர் உந்த ஹீரோ?” என்று கேட்டார்.

அழித்துவிட்டானாம். பயந்துவிட்டானாம், பாவம்.

நான் எழுந்து மண்டபத்தின் பின்பக்கம் போனேன். ஜெகன் லப்டொப்புக்கு முன்னால் நின்றான்.

“இதைத் தாரும்.”

“அண்ணை, இது எடிற் பண்ணினது…”

“எடிற் பண்ணாததையும் தாரும். எல்லாத்தையும் தாரும்.”

“அண்ணை, விளங்கிக்கொள்ளுங்கோ. அதில நான் சாமான் குடுக்கிறதும் கலர் அடிச்ச கதையும் இருக்கு. குடுத்தா என்னைப் பிடிப்பாங்கள். எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு.”

“அவனுக்கு அதுக்கே வழியில்லாமச் செய்துபோட்டு, பிள்ளை குட்டியோ உமக்கு?”

ரவி ஓடி வந்தார். “மச்சான், சபை பாக்குது. மெல்லக் கதையுங்கோ.”

“பாக்கட்டும். திரையில பாத்தவைதானே. அவனை ஹீரோ எண்டு பாத்தவை, அவன் விலங்கோட கிடந்ததையும் அறியட்டும்.”

என் தங்கை வந்து அழுதாள். “என்ர பிள்ளையின்ர நாளைக் குழப்பாதை அண்ணா. கையெடுத்துக் கும்பிடுறன்.” நான் அவளை வளர்த்தவன். அவள் அழுதால் எதையும் விட்டுக்கொடுக்கிறவன். அன்றைக்கு என் கை அந்த லப்டொப்பின் மூடியிலேயே இருந்தது.

மேடையிலிருந்து அபி இறங்கி வந்தாள். நகையும் பூவும் கனக்க, சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இந்தப் பிள்ளை என்னோடு தமிழில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் கதைத்ததில்லை. ஊரைப் பற்றிச் சொன்னால் போனைப் பார்ப்பாள். இவள் எங்கள் கையை விட்டுப் போய்விட்டாள் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

“ஜெகன் அங்கிள், அது என்ர வீடியோ,” என்றாள். “மாமாட்டக் குடுங்கோ.”

“அபி, நீ மேடைக்குப் போ,” என்றார் ரவி.

“நோ அப்பா. தயா அங்கிள் நிலத்தில படுத்திருந்தவர். ஐ வோஸ் ரைட் தெயார். நீங்கள் நொட் ஷுவர் எண்டு சொன்னீங்கள். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

ஜெகன் பையிலிருந்து கார்டை எடுத்து அவளிடம் கொடுத்தான். அவள் அதை என் கையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் மேடைக்கு ஏறினாள். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். தங்கை இன்னும் என்னோடு கதைக்கவில்லை. அவள் கதைக்காத வீடு எனக்கு எப்படி இருக்கும் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

7

கார்ட் இப்போது திலகாவிடம். நல்ல சாட்சி என்கிறார். பொலிஸ் பார்த்து முடிவு சொல்லவேண்டும்; அது முடிந்த பிறகு விசாப் பகுதி தொடங்கவேண்டும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். “சொல்ல முடியாது அண்ணே,” என்றார்.

நேற்றுக் காலை கடையில் ஆள் இல்லாத நேரம் தயா கௌசிக்கு வீடியோ கோல் எடுத்தான். இனி மறைக்க அவனுக்கு ஏலாமல் போய்விட்டது. போனைப் பால் குளிரூட்டியில் சாய்த்து வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். நான் சிகரெட் தட்டை எண்ணுகிற மாதிரி நின்றேன். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்த பிறகுதான் கேட்டாள்.

“பொய்த் துவக்குத்தானே?”

“ஓம்.”

“பொய்த் துவக்கெண்டா ஏன் உண்மையாப் பிடிச்சவங்கள்?”

தயா சரிந்த போனை நிமிர்த்தி வைத்தான். “வெளி வேலை நல்லாச் செய்திருந்தாங்கள்,” என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் யாரோ தண்ணீர்க் குடத்தை இழுக்கிற சத்தம் கேட்டது.

“வீட்டுக்காரி வந்து நிக்கிறா,” என்றாள். “அறையை இன்னும் ஆறு மாதத்துக்கு எடுக்கட்டோ?”

“எடும்,” என்றான் தயா.